பர்சன்ட் பெரியப்பா

மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு போனால் எழுபது. பூவோடு புடவையும் என்றால் எழுபத்தைந்து. ஜீன்ஸில் போய் "வணக்கம் பெரியப்பா" என்றால் ஐம்பத்தைந்து. வாய் தவறி "ஹாய் அங்கிள்" என்று வந்துவிட்டால் நாற்பதுக்குக் கீழே. சீனப் புத்தாண்டு வாரத்தில் சிவப்புச் சட்டை போட்டிருந்தேன் என்று ஒரு தடவை ஒரேயடியாக முப்பதுக்கு இறக்கிவிட்டார். பங்குச்சந்தைகூட இப்படி ஏறி இறங்காது.

கலப்புக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சிலருக்கு இவர் மாமா, சிலருக்கு அத்தை. ஜொகூரில் சித்தப்பாவாக இருப்பார், ஈப்போவில் பக்கத்து வீட்டு ஆண்ட்டியாக இருப்பார். எனக்கு வாய்த்தவர் பெரியப்பா. அப்பாவின் பெரியப்பா மகன். சிங்கப்பூர்த் துறைமுகத்தில் சரக்குக் கணக்கெடுக்கும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எண்ணியே பழகிய கை. ஓய்வுக்குப் பிறகு எண்ணுவதற்கு மூட்டை இல்லை. நாங்கள் இருந்தோம்.

அப்பா தமிழர், பூர்வீகம் மன்னார்குடிப் பக்கம். அம்மா கிரேத்தா ஆயரில் பிறந்து வளர்ந்த கன்டனீஸ்காரர். எங்களைப் போன்றவர்களுக்கு இங்கே 'சிண்டியன்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். பாதிக்குப் பாதி, அத்தோடு கணக்கு முடிந்தது என்றுதான் மற்றவர்கள் நினைப்பார்கள். பெரியப்பாவுக்கு அந்த ஐம்பது வெறும் ஆரம்ப இருப்பு. வரவும் செலவும் அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

முதலில் உடம்பைப் பாகம் பிரிப்பார். மூக்கு நம்முது, கண்ணு அவங்களுது. முடி அவங்களுது, ஆனா அடர்த்தி நம்முது. நிறம் தகராறில் இருக்கிறது, இன்னும் தீர்ப்பாகவில்லை. ஒருமுறை டெங்கி வந்து படுத்திருந்தேன். பார்க்க வந்தவர் ஆரஞ்சுப் பையைக் கட்டிலோரம் வைத்துவிட்டு, "நம்ம ரத்தத்துல கொசு இவ்வளவு இஷ்டமா உக்காராது" என்றார். கொசு எந்தப் பாதியில் கடித்தது என்பது வரைக்கும் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் காய்ச்சலில் எனக்குப் பதில் பேசத் தெம்பில்லை. பேசாமல் இருந்ததற்கும் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டார். "பாத்தியா, அந்த அமைதி அவங்க அம்மா வழி."

குணத்துக்கு வந்தால் சூட்சுமம் கூடும். நல்லது நம்மிடமிருந்து வந்தது, கெட்டது அங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட்டுப் போகிற சாதாரண ஆள் இல்லை அவர். ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் வைத்திருப்பார். ஆறாம் வகுப்புத் தேர்வில் எனக்குக் கணக்கில் நல்ல மதிப்பெண் வந்தது. ஊர் முழுக்க, "சீனப் பிள்ளைக்குக் கணக்கு வராம எப்படி" என்றார்கள். பெரியப்பா ஒப்புக்கொள்ளவில்லை. ராமானுஜன் வளர்ந்தது கும்பகோணம், மன்னார்குடிக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம், அந்தத் தண்ணி குடித்த வம்சம் என்று வாதாடி அந்த மதிப்பெண்ணை முழுவதுமாகத் தமிழர் பக்கம் எழுதிக்கொண்டார். இரண்டு வருஷம் கழித்து உயர்நிலைப் பள்ளியில் அதே கணக்கில் கோட்டை விட்டேன். இப்போது மன்னார்குடித் தண்ணியைப் பற்றிப் பேச்சே இல்லை. "சீன ரத்தம் இருந்தும் கணக்கு வரலன்னா என்ன அர்த்தம்?" என்று என் அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார்.

கோபத்திலும் இரண்டு ரகம் கண்டுபிடித்திருந்தார். கதவை அறைந்து சாத்தினால் தமிழ்க்கோபம். மூன்று நாள் முகம் கொடுக்காமல் இருந்தால் சீனக்கோபம். என் தம்பி கதவையும் அறைந்து சாத்திவிட்டு மூன்று நாள் பேசாமலும் இருப்பான். அவனை என்ன செய்வது என்று தெரியாமல் பெரியப்பா கொஞ்ச காலம் தடுமாறினார்.

ஆனால் தணிக்கை முழு வேகத்தில் நடப்பது கல்யாணப் பந்தியில்தான். சிராங்கூன் ரோட்டுக் கோயில் மண்டபம். வாழை இலை. எனக்கு எதிரே இடம் பிடித்து உட்காருவார், தற்செயல் போல. சாம்பார் வரைக்கும் ஒன்றும் சொல்ல மாட்டார். சாம்பாரை யார் வேண்டுமானாலும் சாப்பிடலாம், சுற்றுலாப் பயணிகூடச் சாப்பிடுகிறான். ரசம் வரும்போது நிமிர்ந்து உட்காருவார். சோற்றை நடுவில் குழித்து, சுற்றிக் கரை கட்டி, ரசம் ஊற்றச் சொல்லி, அது இலையின் கீழ்விளிம்பைத் தேடி ஓடுவதற்குள் நாலு விரலால் வளைத்து மடக்கி வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். உள்ளங்கையில் படக் கூடாது. முழங்கை வரைக்கும் வழிந்தால் குடும்பமே சேர்ந்து இறங்கும். நான் சாப்பிடுகிறேன், பெரியப்பா பார்க்கிறார். அவர் இலையில் அவர் ரசம் ஓடிக்கொண்டிருக்கிறது, அதை அவர் கவனிக்கவில்லை, அது அவர் வேட்டியில் இறங்கியதையும் கவனிக்கவில்லை. கடைசிக் கவளம் உள்ளே போனதும் இடப்பக்கம் திரும்பி, யாரென்றே எனக்குத் தெரியாத ஒரு பெரியவரிடம், "எம்பது" என்றார். அந்தப் பெரியவரும் தலையாட்டினார். அவர் வீட்டிலும் ஒரு சிண்டியன் பிள்ளை இருக்கும் போலிருக்கிறது.

பேச்சுப் பரீட்சை தனி. அப்பா என்ன இனமோ அந்த மொழி வகுப்பு என்பது அப்போது பள்ளிக்கூட வழக்கம். அதனால் எனக்குத் தமிழ் வகுப்பு. என் தமிழ் ஆசிரியை ழகரத்தை விட்டுக்கொடுக்காதவர். இது பெரியப்பாவுக்குத் தெரியாது. ஒரு பொங்கலன்று எல்லாரும் இருக்கும்போது, "எங்கே, வாளப்பளம் சொல்லு பாப்போம்" என்றார். "வாழைப்பழம்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "பரவால்ல, கிட்ட வந்துட்ட" என்றார்.

இந்த இடத்தில் அவருடைய அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், யாரும் வாயைத் திறக்காத விஷயம். பாட்டி பிறப்பால் சீனப் பெண். ஜப்பான்காரன் வருவதற்கு முந்தின காலத்தில், வறுமையாலும் புலி வருஷத்தில் பிறந்த பெண் ஆகாது என்பது போன்ற நம்பிக்கைகளாலும் சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைகளைக் கொடுத்துவிடுவது உண்டு. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ்க் குடும்பங்கள் பல அப்படிப் பிள்ளைகளை வாங்கி வளர்த்தன. பாட்டியைக் கைக்குழந்தையாக வாங்கியவர்கள் காது குத்தி, மூக்குத்தி போட்டு, எங்கள் கொள்ளுத்தாத்தா வீட்டுக்கு மருமகளாகவும் அனுப்பினார்கள். பாட்டிக்கு ஒரு சீனச் சொல் தெரியாது. தேக்கா மார்க்கெட்டில் காய்கறிக்காரர்கள் முகத்தைப் பார்த்து ஹொக்கியனில் விலை சொல்வார்கள். பாட்டி வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துவிட்டு, "முத்தலைக் குடுத்துட்டு வெலையப் பாரு, கட்டையில போறவனே" என்று மன்னார்குடித் தமிழில் திட்டுவார். காய்கறிக்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு பாதி விலைக்குக் கொடுத்ததாகக் கேள்வி.

பெரியப்பாவின் கணக்கில் பாட்டிக்கு நூற்றுக்கு நூறு. அதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. நூற்றைம்பது போட்டாலும் தகும். ஆனால் என் உடம்புக்கு அவர் வைத்திருக்கிற அளவுகோலை எடுத்தால், அவரும் என்னைப் போல ஐம்பதுதான். பதின்ம வயதில், துணிந்து இதைக் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவே இல்லை. "அது வளர்ப்பும்மா" என்றார், சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்கிற மாதிரி. "அப்ப நான்?" என்றேன். "நீ ரத்தம்" என்றார். ஆக, அவர் வீட்டில் வளர்ப்பு செல்லும், எங்கள் வீட்டில் ரத்தம் செல்லும். எந்த மூட்டைக்கு எந்தத் தராசு என்பதைக் கிராணிதான் தீர்மானிப்பார்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு எனக்கு ஒரு நிரந்தரப் பிடிமானம் கிடைத்தது. சிங்கப்பூரில் இந்தியராகப் பதிவானவர்களின் சம்பளத்திலிருந்து மாதா மாதம் சில வெள்ளி, 1991இல் தொடங்கிய சிண்டா என்ற இந்தியர் சுய உதவி அமைப்புக்குப் போகும். என் முதல் சம்பளச் சீட்டைப் பெரியப்பாவிடம் காட்டினேன், ஆசீர்வாதம் வாங்கத்தான். சம்பளத் தொகையை அவர் பார்க்கவே இல்லை. விரலை வைத்துக் கீழே இறங்கி சிண்டா வரிக்கு வந்து நின்றார். முகம் மலர்ந்துவிட்டது. "சிண்டாவுக்குப் போகுதா? அப்புறம் என்ன, எவன் உன்னைக் கேக்கப்போறான்!" இதுவரை கேட்டுக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான் என்பதை நான் சொல்லவில்லை. பல வருஷ மல்லிகைப்பூவும் ரசமும் சாதிக்காததைச் சில வெள்ளி சாதித்தது. அன்றைக்கு எண்பத்தைந்து.

அந்தப் பக்கத்தில் இப்படி ஒருவரும் இல்லையா என்றால், உண்டு. அம்மாவின் தங்கை ஒருவர் என்னோடு மட்டும் சத்தமாகவும் மெதுவாகவும் பேசுவார், காது கேளாதவர்களிடம் பேசுகிற மாதிரி. ஆனால் அவர் எண் போடுவதில்லை. எண் போடாதவர்களை எனக்கு நினைவிருப்பதில்லை.

என் போ போ, அதாவது அம்மாவின் அம்மா, காலமானபோது புளோக்கின் கீழ்த்தளத்தில் சடலத்தை வைத்திருந்தோம். ஐந்து இரவும் பெரியப்பா வந்தார். முதல் நாள் வெள்ளை உறையில் பணம் வைத்துக் கொடுத்தார், எவ்வளவு வைப்பது என்று முன்கூட்டியே யாரையோ விசாரித்திருக்கிறார். வட்ட மேசையில் உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்தார். பக்கத்தில் இருந்த என் தாய்வழித் தாத்தாக்களோடு பாசார் மலாயில் பேச ஆரம்பித்தவர், அவர்களுக்குள்ளும் கன்டனீஸ், ஹொக்கியன், தியோச்சியூ, ஹக்கா என்று பிரிவுகள் இருப்பதைத் தெரிந்துகொண்டார். ஒருவருக்கு அப்பா தியோச்சியூ, அம்மா கன்டனீஸ். இன்னொருவருக்குப் பாட்டி பெரனாக்கான். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைச் சாவு வீட்டில் பார்த்திருக்கக் கூடாது. நள்ளிரவு வரைக்கும் உட்கார்ந்து அந்தத் தாத்தாக்களைப் பாகம் பிரித்துக்கொண்டிருந்தார், அவர்களும் ஆர்வமாகப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

துக்கத் துணி வந்தபோதுதான் வினை. சட்டைக் கையில் குத்திக்கொள்ளும் சின்னத் துணித்துண்டு. மகன் வயிற்றுப் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு மாதிரி, மகள் வயிற்றுப் பிள்ளைகளுக்கு வேறு மாதிரி. அந்தக் குடும்ப வழக்கத்தில் மகள் பிள்ளைகள் வெளிப் பேரப்பிள்ளைகள். நானும் தம்பியும் கொடுத்ததை வாங்கிக் குத்திக்கொண்டோம். எங்களுக்கு அது பெரிதாகவே படவில்லை. சடங்கு நடத்த வந்த ஆள் யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்ததைப் பெரியப்பா கேட்டுவிட்டார். கடலைத் தோல் மடியிலிருந்து கொட்ட எழுந்து நின்றார். "அது எப்படி வெளியாளு? தூக்கி வளத்த கெழவி உள்ள படுத்திருக்கு, பிள்ள அழுதுகிட்டு நிக்கிது, வெளியாளா?" இது தமிழில். பிறகு அந்த ஆளுக்குப் புரிய வேண்டுமே என்று, "இனி கித்தா புஞ்யா ஆனாக்!" என்று, இது நம்ம பிள்ளை என்று, மலாயில் சத்தம் போட்டார். யாருடைய பிள்ளை, எந்த 'நம்ம' என்று அந்த மனிதருக்கு விளங்கியிருக்காது. எனக்கும் அந்த நேரத்தில் விளங்கவில்லை. என் தாய்மாமா வந்து தோளில் கைபோட்டு அழைத்துப்போய் கோப்பி வாங்கிக் கொடுத்தார். அவர் கழிக்கலாம். அடுத்தவன் கழித்தால் அவருக்குத் தாங்காது.

இவரேதான், எங்கள் தாத்தா சாவில், நெய்ப்பந்தம் பேரன்தான் பிடிக்கணும், பேத்தியெல்லாம் தள்ளி நில்லு என்றவர். அது வேறு கணக்கு நோட்டு போலும்.

எனக்குக் கல்யாணம் ஆனது ஹொக்கியன் பையனோடு. பெரியப்பா இரண்டு வாரம் சாப்பிடவில்லை என்று பெரியம்மா சொன்னார். கோப்பியும் பரோட்டாவும் அந்தக் கணக்கில் சேராதாம். ஆனால் மாப்பிள்ளை என்று ஆனதும் அவருக்கும் ஒரு கணக்கு திறந்தார். பிறப்பால் சுழியம். வேட்டி கட்டிக்கொண்டதற்கு ஐந்து. அவிழாமல் மூன்று மணி நேரம் நின்றதற்கு இன்னொரு ஐந்து. ஊறுகாயைத் தொட்டுக்கொள்ளாமல் அப்படியே வாயில் போட்டதற்கு எட்டு. தைப்பூசத்தன்று பால்குடத்தோடு கூட நடந்ததற்குப் பன்னிரண்டு. ஒரு வருஷத்தில் முப்பதைத் தொட்டுவிட்டார் மனிதர்.

பிறகு மகள் பிறந்தாள். பெரியப்பா மருத்துவமனைக்கே வந்து, தொட்டிலை எட்டிப் பார்த்து, விரல்விட்டு எண்ணி, "இருபத்தஞ்சு" என்றார். சொல்லும்போது குரல் கம்மியது. எனக்கே பாவமாகிவிட்டது.

ஆனால் சோர்ந்துபோகிற ஆளா? 2011 ஜனவரி 1 முதல், கலப்புத் தம்பதியரின் பிள்ளைகளுக்கு இரண்டு இனத்தையும் நடுவில் கோடு போட்டுப் பதியலாம் என்று ஆகியிருக்கிறது. இந்தியர்-சீனர் என்றோ, சீனர்-இந்தியர் என்றோ. நாங்கள் வீடு திரும்பிய பிறகு பிள்ளையைப் பார்க்க வந்த பெரியப்பா இதை நன்றாகப் படித்துவிட்டு வந்திருந்தார். "முன்னால போடு. நம்மளத்தான் முன்னால போடணும். பின்னால இருக்கறது பேருக்குத்தான்." அவர் சொன்னது சரி. அரசாங்கக் காரியங்களுக்குக் கோட்டுக்கு முன்னால் இருப்பதுதான் கணக்கு. அதை அவரே சொல்லி முடித்த பிறகுதான் முகம் மாறியது. அடுக்குமாடி வீட்டு விவகாரம் ஞாபகம் வந்துவிட்டது.

சதவீதம் போடுவது பெரியப்பா மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். 1989 முதல் இங்கே அரசாங்க அடுக்குமாடி வீடுகளின் ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தார் எத்தனை சதவீதம் வரை வாங்கலாம் என்று வரம்பு இருக்கிறது. ஒரே இனத்தார் ஓரிடத்தில் குவிந்துவிடக் கூடாது என்பது நோக்கம். சீனர் வரம்பு நிரம்பிவிட்ட புளோக்கில், இந்தியர் தன் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருகிறவர்களிலோ பெரும்பாலோர் சீனர். பெரியப்பா தன் வீட்டை விற்ற வருஷம் இப்படிக் காத்திருந்து, கடைசியில் விலையை இறக்கிக் கொடுத்தவர். அந்த வலி அவருக்கு இன்னும் இருக்கிறது.

ஆகவே தொட்டிலில் கிடந்த பிள்ளை என்றைக்கோ ஒருநாள் வாங்கி, அதற்கும் பிறகு என்றைக்கோ விற்கப்போகும் வீட்டை நினைத்து அவர் கலங்கினார். சோபாவில் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் 'இந்தியர்-சீனர்' என்று எழுதினார். அடித்தார். 'சீனர்-இந்தியர்' என்று எழுதினார். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு அதையும் அடித்தார். "பாசத்துக்கு இந்தியன். வீட்டுக்குச் சீனன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு மூட்டையை எந்தப் பக்கம் இறக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியாதுதான். நானும் என் கணவரும் அதற்குள் மூன்று இரவு இதைப் பேசி, ஒருவர் தூங்கிவிட, மற்றவர் கோபித்துக்கொண்டு, முடிக்காமலே விட்டிருந்தோம்.

கடைசியில் பழைய ஆயுதத்தை எடுத்தார். "வளர்ப்பும்மா. எல்லாம் வளர்ப்பு. வாரம் ரெண்டு நாள் எங்கிட்ட விடு. பள்ளிக்கூடம் போறதுக்குள்ள நூறாக்கிக் காட்டுறேன்."

வாரத்தில் ஐந்து நாளும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் என் அம்மா. என்னையும் வளர்த்தவர் அவர்தான். எனக்குச் சோற்றில் கரை கட்டக் கற்றுக்கொடுத்தது மன்னார்குடித் தண்ணி இல்லை. கிரேத்தா ஆயரில் பிறந்த பெண், கல்யாணமாகி வந்து, மாமியாரிடம் ஏச்சு வாங்கி வாங்கி ரசம் வைக்கப் படித்து, அதைக் கையால் எப்படிச் சாப்பிடுவது என்று தானே பழகி, பிறகு எனக்குப் பழக்கினார். என் தலையில் மல்லிகைப்பூ வைத்துவிட்டது அவர். தமிழ் வீட்டுப்பாடத்தை, எழுத்து ஒன்றும் தெரியாமல், முடித்தேனா இல்லையா என்று பக்கம் எண்ணிப் பார்த்தது அவர். பெரியப்பாவின் அம்மா, அந்த நூற்றுக்கு நூறு பாட்டி, கடைசி நாலு மாதம் படுத்த படுக்கையாய்க் கிடந்தபோது, பெற்ற பிள்ளைகள் முறைவைத்து வந்துபோக, தினமும் போய்த் துடைத்துவிட்டு வந்ததும் அம்மாதான். முப்பது வருஷத்துக்கு மேலாக எங்கள் எல்லாருக்கும் ஏற்றி இறக்கி எண் போட்டவர், ஒரு வருஷத்தில் மாப்பிள்ளைக்கு முப்பது கொடுத்தவர், அம்மாவுக்கு ஒரு எண்ணும் போட்டதில்லை. குறைவாகப் போட்டிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். பட்டியலிலேயே பெயர் இல்லை. எனக்கு இது வேடிக்கையாக இல்லை.

அன்றைக்குக் கேட்டுவிட்டேன். "பெரியப்பா, அம்மாவுக்கு எத்தனை?"

"எந்த அம்மாவுக்கு?"

"எங்க அம்மாவுக்கு."

அவர் உண்மையாகவே குழம்பினார். "அவங்களுக்கு எதுக்கும்மா கணக்கு?" என்றார், தட்டிலிருந்து வடையை எடுத்துக்கொண்டே. "அவங்கதான் இங்கேயே இருக்காங்களே."

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "மச்சான், உங்களுக்கு பிரஷர் இருக்கு. அது நாலாவது வடை."